கோரைமேட்டு ஊர்ச்சோறு

கோரைமேட்டுக்குப் போகிற படகில் எங்களுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தவன், என் வீட்டுக்காரரோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். நிமிர்ந்து முகத்தைப் பார்க்காமலே, "எத்தினி பேரு? ரெண்டு விசிட்டரா?" என்று கேட்டான்.

"விசிட்டரா?" என்றேன் நான். என் குரல் கொஞ்சம் பெரிசு. பின்னால் நின்ற திருப்பதி காலேஜ் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "யோவ், இவரு யாருன்னு தெரியல உனக்கு?"

அவன் டிக்கெட்டை என் கையில் திணித்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டான். என் வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

"வா இந்திரா. கும்பலா இருக்குதில்ல, கவனிச்சிருக்க மாட்டான்."

இவருக்கு ஊரில் எல்லார் சார்பாகவும் சாக்குச் சொல்லத் தெரியும். பெயர் நாகேந்திரன். பழவேற்காடு ஏரிக்கு நடுவில் இருக்கும் அந்தத் தீவில் பிறந்து, இருபத்திரண்டு வயதில் நகரிக்குப் பவர்லூம் ஓட்ட வந்தார். பக்கத்துத் தறியில் நின்ற என்னைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். பதினாறு வருஷம் ஆகிறது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஏழு மாசத்துக்கு முன்னால் ஷெட்டை மூடிவிட்டார்கள். அதிலிருந்து புத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்குக் காவல் இருந்தார், அப்புறம் அதுவும் இல்லை. "ஏரிக்கே போயிடலாம் இந்திரா, தம்பியோட சேந்து வல போட்டுக்கினு இருந்துடலாம்" என்று ஆடி மாசம் ஆரம்பித்தவர் கார்த்திகை வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நானும் கடைசியில் சரியென்றேன். நகரியில் பஸ் ஏறி, புத்தூர், சத்தியவேடு என்று மாறி மாறித் தடாவில் இறங்கும்போது காலை எட்டரை மணி.

ஏன் அன்றைக்கே போக வேண்டும் என்றால், அன்றைக்குத்தான் ஊர்ச்சோறு. கார்த்திகை மாசத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை தீவில் இருக்கிற அத்தனை வீடும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஆறு வருஷமாக அதில் ஆந்திர அரசாங்கமும் சேர்ந்துகொண்டு 'த்வீப ருசுல பண்டுக', அதாவது தீவு ருசித் திருவிழா என்று தெலுங்கில் பேனர் கட்டி, ஸ்டால் போட்டு, கலை நிகழ்ச்சி வைத்து, பறவை பார்க்க வருகிறவர்களையெல்லாம் படகில் அள்ளிக்கொண்டு வருகிறது. ஆனால் பந்தி மட்டும் பழைய பந்திதான். வெளியாட்கள் நடுவில் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் தட்டில் சாப்பிட வேண்டும்.

பந்தியில் உட்காருவது வெறும் சாப்பாட்டு விஷயம் இல்லை. ஏரியில் யார் எங்கே வலை போடுவது என்பதற்கு வீட்டுக்கு ஒரு உரிமை உண்டு. அதற்குப் பாடு என்று பேர். மாமனார் போன பிறகு அந்தப் பாடு மூத்த பிள்ளையான இவர் பேருக்கு வந்தது. இவர் நகரியில் இருந்தாலும் தம்பி ஜெகநாதன் இவர் பேரில் வலை போட்டுக்கொள்ளலாம். ஒரே ஒரு நிபந்தனை. தொடர்ந்து மூன்று ஊர்ச்சோற்றுக்கு வராதவன் பேர் பாட்டிலிருந்து போய்விடும்.

இவர் இரண்டுதான் விட்டிருந்தார். இரண்டும் என்னால்.

நாலு வருஷத்துக்கு முன்னால் நான் இவரோடு போனபோது, மாமியார் தனபாக்கியம் என்னைப் பந்தியில் உட்கார விடவில்லை. "நீ வெளியூரு, அந்தாண்ட போய் துன்னு" என்று எல்லார் எதிரிலும் சொன்னார். நான் இலையைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அடுத்த வருஷம் இவரைப் போக விடவில்லை. போன வருஷம் என் அண்ணன் மகளுக்கு மஞ்சள் நீராட்டு, அதே ஞாயிற்றுக்கிழமை. நடுவில் ஒரு வருஷம் புயல். அந்த வருஷம் விழாவே ரத்து என்று டிவியில் சொன்னார்கள். "ரெண்டுதான் விட்டுருக்கேன், இந்த வாட்டி உக்காந்துட்டா போதும்" என்று வழியெல்லாம் விரலை மடக்கிக்கொண்டே வந்தார்.

படகிலிருந்து இறங்கியதும் ஒரு பெரிய பிளாஸ்டிக் நண்டு நின்றது. அதன் கொடுக்குக்கு நடுவில் தலையை விட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டால்களில் இறால் வறுவல், மடவை மீன் குழம்பு, நண்டு ரசம். வாசனை தூக்கியது. பரிமாறிக்கொண்டிருந்த பெண்களில் பாதிப் பேர் இவருக்கு அத்தை முறையோ தங்கை முறையோ ஆக வேண்டியவர்கள். இவர் ஒவ்வொருவரையும் பார்த்துச் சிரித்தார். ஒருத்தியும் திருப்பிச் சிரிக்கவில்லை. இவரைத் தாண்டி ஏரியைப் பார்த்தார்கள்.

"என்னா பெரிம்மா, நல்லாக்கிறியா?" என்று ஒரு கிழவியிடம் குனிந்து கேட்டார்.

"கூப்பன் அங்க குடுக்கறாங்க சார்" என்றாள் கிழவி.

சார். அந்தக் கிழவி இவருக்குச் சின்ன வயதில் அம்மை போட்டபோது பக்கத்தில் உட்கார்ந்து வேப்பிலை வீசியவள் என்று எத்தனை தடவை எனக்குக் கதை சொல்லியிருக்கிறார்! எனக்குக் கோபம் உச்சி மண்டையில் ஏறிவிட்டது. "ஏன், கண்ணு அவிஞ்சி போச்சா எல்லாருக்கும்? நாலு வருஷம் வரலன்னா மனுசனே இல்லன்னு ஆயிடுமா?" என்று கத்தினேன். கிழவி கரண்டியை வைத்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஸ்டாலுக்குப் பின்னால் போய்விட்டாள். திமிர் என்று நினைத்தேன். அவள் அழப் போயிருக்கிறாள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

வீட்டுக்குப் போனோம். மாமியார் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு வருஷத்தில் பாதியாக இளைத்திருந்தார். இவர் வேலிப்படலைத் திறக்கப் போனார். மாமியார் கையை நீட்டித் தடுத்தார், ஆனால் இவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து.

"நீ உள்ள வா. நீ மட்டும்."

நான் சண்டைக்கு ரெடியாகத்தான் உள்ளே போனேன். அவர் என்னைப் பின்கட்டுச் சமையல் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். மூன்று பக்கம் ஓலைத்தடுப்பு. தடுப்புக்கு வெளியே இவர் சுற்றிக்கொண்டு வந்து நிற்பது ஓலை இடுக்கில் தெரிந்தது. மாமியாருக்கும் தெரிந்திருக்கும். அதனால்தான் சத்தமாகப் பேசினார்.

"தடாவுல நீங்க பஸ் எறங்கச்சயே போன் வந்துடிச்சி. பெரியதனக்காரரு வூடு வூடா ஆள் அனுப்பி சொல்லிட்டாரு. யாரும் அவன் பேர சொல்லாதீங்க, மொகத்த பாக்காதீங்க, பேசாதீங்கன்னு."

"ஏன்? இன்னா தப்பு பண்ணாரு?"

"மூணு சோறு ஆயிடிச்சி."

"ரெண்டுதான் அத்த! புயல் வந்த வருஷம் கேன்சல் ஆச்சே. டிவியிலயே சொன்னாங்க."

"விழாவ கேன்சல் பண்ணாங்க. சோத்த யாரு கேன்சல் பண்ண முடியும்?" என்றார் மாமியார். "இஸ்கூல் கட்டடத்துல, முட்டியளவு தண்ணியில, பெஞ்சு மேல ஏறி நின்னுக்கினு கஞ்சி காச்சி ஊத்தினாங்க. பேர் கூப்ட்டுதான் ஊத்தினாங்க. கஞ்சியா இருந்தாலும் அது ஊர்ச்சோறு. இவனுக்கு தெரியாதா? இந்த ஊர்ல பொறந்தவன் தான?"

தெரியாதா என்றால் தெரியும்தான். ஆனால் பதினாறு வருஷம் நகரியில் டிவி பார்த்துக்கொண்டிருந்ததில் அரசாங்கத்து விழாவையும் ஊர்ச்சோற்றையும் ஒன்று என்று நினைத்துவிட்டார்.

"ஒரு போன் பண்ணியிருக்கலாமில்ல?" என்றேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"ஜெகநாதன் நாலு வாட்டி போட்டான். அந்த மழையில மேட்டுல போய் நின்னு போட்டான். ரிங்கே போவல."

ரிங் போகாது. ஜெகநாதன் நம்பரை இவர் போனில் பிளாக் பண்ணியது நான். இலையைத் தள்ளிவிட்டு வந்த அந்த வாரமே பண்ணினேன். தம்பி கூப்பிடவே இல்லையே என்று இவருக்குக் கோபம், அண்ணன் எடுக்கவில்லையே என்று தம்பிக்குக் கோபம், நடுவில் நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி இருந்தேன். கோபம் தீர்ந்த பிறகும் எடுத்துவிடவில்லை. நிம்மதியாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன். இப்போது ஓலைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவருக்கு அது புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

மாமியார் மீதியையும் சொன்னார். இன்றைக்குப் பந்தியில் இவர் பேரை மூன்று தடவை கூப்பிடுவார்கள். இவர் "இருக்கேன்" என்றால், உயிரோடு இருந்தும் வராதவன் என்று பாடு ஊர்ப் பொதுவுக்குப் போய்விடும். இவருக்கும் இல்லை, தம்பிக்கும் இல்லை. வீட்டார் யாரும் வாய் திறக்காவிட்டாலும் பொதுவுக்குத்தான். வீட்டார் எழுந்து "போயிட்டான்" என்று சொல்லிவிட்டால், செத்தவன் பாடு அடுத்த தம்பிக்கு. இவர் உயிரோடு இருக்கிறார் என்று ஊருக்கே தெரியும். தெரிந்தும் கண்ணை மூடிக்கொள்கிறோம் என்று ஊர் ஒத்துக்கொண்டிருக்கிறது. ஜெகநாதனுக்கு வேறு பிழைப்பு இல்லை, இப்போது கைக்குழந்தை வேறு, அதனால். ஆனால் ஊர்க்காரர் ஒருத்தர் இவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டாலும், இவர் வந்துவிட்டதாக ஆகிவிடும்.

படகுக்காரனும் கிழவியும் செய்தது மரியாதைக்கேடு இல்லை. எங்கள் வீட்டுக்குச் செய்த உதவி. திட்டுவதற்கு ஒரு ஆள்கூட இல்லாமல் போனது எனக்கு.

"ஜெகநாதனுக்கு இன்னா கொழந்த?" என்று வெளியிலிருந்து இவர் குரல் கேட்டது.

மாமியார் தடுப்பைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஆம்பள புள்ள. மூணு மாசம் ஆவுது. மோனிகாவுக்கு பெரிய ஆபரேசன்."

நான் வெளியே வந்தபோது இவர் கூப்பன் கவுன்டர் பக்கம் நடந்துகொண்டிருந்தார். ஓடிப் போய்ச் சட்டையைப் பிடித்தேன்.

"இருக்கேன்னு சொல்லுயா. பாடு போனா போவுது. செத்தவனா நின்னுக்கினு இருப்பியா நீ?"

"சொன்னா இன்னா கெடைக்கும்?"

"நீ கெடைப்ப. இந்த ஊருக்கு வர போவ இருக்கலாம். உங்கம்மா கூட பேசலாம்."

"அவன் புள்ளைக்கு இன்னா துன்ன குடுப்பான்?" என்றார். பிறகு, "பசிக்குது இந்திரா. துன்னுட்டு போயிடலாம்" என்றார்.

போன் விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால், நாலு வார்த்தை திட்டியிருந்தால், ஒரு அறை விட்டிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும். கூப்பன் இரண்டு வாங்கி ஒன்றை என்னிடம் கொடுத்தார்.

ஒரு மணிக்குப் பந்தி போட்டார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் மணலில் வாழை இலை வரிசை. இந்தப் பக்கம் நாங்கள், சுமார் நாற்பது விசிட்டர்கள், கையில் பேப்பர் தட்டோடு. சிவப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் மைக்கில், "இப்புடு ஒக கொப்ப சம்ப்ரதாயம் சூடபோதுன்னாம்!" என்று குரலை உயர்த்தினார். பெரிய சம்பிரதாயம் ஒன்றைப் பார்க்கப் போகிறோமாம். காலேஜ் பெண்கள் போனைத் தூக்கினார்கள்.

ஊர்த் தலைவரான பெரியதனக்காரர் நோட்டைப் பார்த்துப் பேர்களைக் கூப்பிட்டார். ஒவ்வொரு பேருக்கும் "இருக்கேன்" என்று பதில் வந்து, இலையில் சோறு விழுந்தது. எனக்கு மனசு தீர்மானமாக இருந்தது. இவர் சொல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவேன். "இருக்காரு, இதோ நிக்கிறாரு" என்று கயிற்றைத் தாண்டிப் போய்க் கத்திவிடுவேன். தம்பி என்னவோ ஆகட்டும். உயிரோடு இருக்கிற ஆளைச் செத்தவன் என்று சொல்ல விட்டுக்கொண்டு நிற்க என்னால் முடியாது.

"நாகேந்திரன்" என்றார் பெரியதனக்காரர்.

பந்தி முழுவதும் குனிந்துகொண்டது. ஜெகநாதன் தன் இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மோனிகா, மடியில் குழந்தை. மாமியார் எழுந்து நின்றார். அவர்தான் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு.

"நாகேந்திரன்."

மாமியாரின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. அவர் கண் நேராக இவர் மேல் போய் நின்றுவிட்டது. காலையிலிருந்து முதல் தடவையாக மகனைப் பார்க்கிறார், பார்த்துக்கொண்டே எப்படிச் சொல்வார்? உதடு மட்டும் இழுத்துக்கொண்டு கோணியது. ஜெகநாதன் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டான்.

நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். தட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். தட்டு ஆடிக் குழம்பு மணிக்கட்டில் வழிந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்து, வேண்டாம் என்று மெதுவாகத் தலையை ஆட்டினார். கெஞ்சுகிறார் என்று புரிந்தது. பதினாறு வருஷத்தில் என்னிடம் எதற்கும் கெஞ்சாதவர்.

பெரியதனக்காரர் மூன்றாவது தடவைக்கு மூச்சை இழுத்தார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "நாகேந்திரன்."

"போயிட்டாரு" என்றேன்.

என் குரல்தான். பெரிசாகத்தான் வந்தது. கயிற்றைத் தூக்கிக்கொண்டு நான் அந்தப் பக்கம் போய்விட்டிருந்தேன்.

"நீ யாரும்மா?" என்று கேட்டார் பெரியதனக்காரர். எங்கள் கல்யாணத்தில் எதிர் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்தான். கேட்டுத்தான் ஆக வேண்டும் போலிருக்கிறது.

"அவரு பொண்டாட்டி."

"எப்ப போனான்?"

"புயல் வந்த வருஷம்" என்றேன்.

அவர் நோட்டில் எழுதினார். மைக்குக்காரர் என்ன புரிந்துகொண்டாரோ, இறந்தவர்களை மறக்காத ஊர் என்று தெலுங்கில் ஏதோ சொல்லிக் கைதட்டச் சொன்னார். விசிட்டர்கள் தட்டினார்கள். ஒரு காலேஜ் பெண் "பாபம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னைப் படம் எடுத்தாள்.

இரண்டு கிழவிகள் வந்து என் தலையிலிருந்த பூவை எடுத்தார்கள். தடாவில் பஸ் இறங்கியதும் இவர் வாங்கிக் கொடுத்த கனகாம்பரம். மெதுவாக, முடி இழுபடாமல் எடுத்தார்கள். பிறகு என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய் ஜெகநாதனுக்கும் மோனிகாவுக்கும் நடுவில் உட்காரவைத்தார்கள். செத்தவனுக்குப் போட்ட இலையை அவன் வீட்டுக்காரிதான் சாப்பிட வேண்டுமாம். சோறு, மடவைக் குழம்பு, ஒரு முழு நண்டு. "துன்னு அண்ணி" என்றான் ஜெகநாதன், என் முகத்தைப் பார்க்க முடியாமல். நான் பிசைந்து வாயில் வைத்தேன். விழுங்கினேன். வேறு என்ன செய்ய முடியும்?

மாமியார் உட்காரவில்லை. குழம்புச் சட்டியையும் கரண்டியையும் தூக்கிக்கொண்டு கயிற்றைத் தாண்டினார். பந்தி நடக்கும்போது ஊர்ப் பெண்கள் விசிட்டர்களுக்குப் பரிமாறுகிற வழக்கம் இல்லை, அதற்கு ஸ்டால் இருக்கிறது. ஆனால் யாரும் அவரைத் தடுக்கவில்லை. விசிட்டர் வரிசையின் இந்தக் கோடியிலிருந்து ஆரம்பித்தார். காலேஜ் பெண்களுக்கு ஒரு கரண்டி. கேமரா மாட்டியிருந்த சென்னைக்காரருக்கு ஒரு கரண்டி. இரண்டு குழந்தைகளோடு வந்திருந்த தம்பதிக்கு. வேண்டாம் என்றவர்களுக்கும் ஊற்றினார். யாருக்கும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இருபது பேர், இருபத்தைந்து பேர். அடுத்து இவர் நின்றிருந்தார்.

நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். பந்தியே நிறுத்திவிட்டிருந்தது.

மாமியார் தட்டைத்தான் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு கரண்டி ஊற்றினார். கை திரும்ப மறுத்தது. சட்டிக்குள் துழாவி ஒரு பெரிய துண்டு மீனை எடுத்து வைத்தார். இன்னொன்று எடுத்தார்.

இவர் தட்டுக்கு மேல் கையை நீட்டித் தடுத்தார், வெளியூர்க்காரர்கள் தடுக்கிற மாதிரி.

"சாலம்மா, சாலு" என்றார், தெலுங்கில்.

மாமியார் அந்தத் துண்டைத் திரும்பச் சட்டியில் போட்டுவிட்டு, பக்கத்தில் நின்றவரிடம் போனார்.